பின்னோக்கி நடப்பது யார்

மாப்பிள்ளை சொன்னது ஒரே ஒரு பொய்தான். அதை இரண்டு இடத்தில் சொன்னதுதான் பிசகு.

காலையில் பெரிய மச்சானிடம் போய், "தம்பி ரொம்ப வருத்தப்படுறாரு மச்சான். சாயந்திரம் பட்டறைக்கு வந்து மன்னிப்புக் கேக்கப் போறாரு. நீங்க பழசைக் கிளறாம பெரிய மனுஷனா உக்காந்திருங்க, போதும்" என்றார். மதியம் சின்ன மச்சானைத் தேடிப் போய், "அண்ணன் உடைஞ்சே போயிட்டாரு. உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாத்தான் சோறு இறங்கும்ங்கிறாரு. நீங்க கௌரவமா வந்து நின்னா போதும்" என்றார். இருவரும் நேருக்கு நேர் வந்துவிட்டால் யாராவது ஒருவர் இளகுவார், மற்றவர் உருகுவார், நடுவில் தாம் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம் என்பது அவர் போட்ட கணக்கு. பள்ளிக்கூடத்திலும் அவர் கணக்கு இப்படித்தான் இருக்கும். விடை முதலில் வந்துவிடும், வழி பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சாயந்திரம் இருவரும் வந்தார்கள். தலை வாரி, சட்டை மாற்றி, மன்னிக்கிறவர்களுக்கே உரிய மலர்ந்த முகத்தோடு வந்தார்கள். பெரியவர் வெட்டு மேசைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு அமர்ந்தார். சின்னவர் கண்ணாடிகள் சாய்த்து வைத்த சட்டத்தின் ஓரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை நடுவில் நின்று இருபக்கமும் சிரித்தார். சுவரோரம் இருந்த கண்ணாடிகளில் அந்தச் சிரிப்பு வரிசையாக விழுந்து, அவருக்கே பார்க்கச் சகிக்கவில்லை.

"சொல்லு" என்றார் பெரியவர், தாராளமாக.

"நீ சொல்லு."

"நான் என்னத்தச் சொல்ல? நீதான சொல்ல வந்தே?"

"நானா? நீ சொல்லணும்னு கூப்பிட்டதாலதான வந்தேன்!"

இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் மாப்பிள்ளை பக்கம் திரும்பின. சண்டை வந்த நாளிலிருந்து அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான்.

"அன்னைக்கு 'நில்லுண்ணே'ன்னு கத்தினேனா இல்லையா?" என்று ஆரம்பித்தார் சின்னவர்.

"கத்தல."

"தெருவே திரும்பிப் பாத்துச்சு!"

"நீ வாயே திறக்கல. காயம் பட்டவன்னு பாக்குறேன், பொய் மட்டும் சொல்லாதே."

"நான் பொய் சொல்றேனா? மாப்பிள்ளை, கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நீங்கதான? சொல்லுங்க. கத்தினேனா இல்லையா?"

கத்தியது உண்மை. மாப்பிள்ளையே காதால் கேட்டார். ஆனால் பெரிய மச்சான் பொய் சொல்கிற ஆள் இல்லை என்பதும் உண்மை. வெட்டும்போது ஒரு நூல் பிசகினாலும் வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு வேறு வெட்டித் தருகிற மனுஷர். கேட்டது ஒன்று, ஆளைத் தெரிந்தது ஒன்று. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளம் குறைந்தபட்சம் வாயை மூடிக்கொண்டிருக்கும்.

"ரெண்டு பேர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு" என்றார் மாப்பிள்ளை.

சின்னவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "பெரிய கம்பெனிக்காரங்க வேலைக்குக் கூப்பிட்டு, வாரக் கடைசிக்குள்ள பதில் கேட்டிருக்காங்க. சொல்லிடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போன வேகத்தில் வாசல் கதவு அடித்ததில், சட்டத்தில் இருந்த கண்ணாடிகள் எல்லாம் ஒருமுறை நடுங்கி அடங்கின.

*

அது கண்ணாடிப் பட்டறை. பெரியவர் வெட்டுவார், விளிம்பு தேய்ப்பார். சின்னவர் போய்ப் பொருத்துவார். தங்கை கடைமுகப்பில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் அளவு வாங்குவாள். அந்தத் தங்கையின் கணவர்தான் வண்டி ஓட்டுகிற நம் மாப்பிள்ளை. கல்யாணமாகித் தலை நரைக்கத் தொடங்கியும் பட்டறையில், தெருவில், டீக்கடையில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். அப்பா வைத்த பேர் எங்கோ அடையாள அட்டையில் சும்மா கிடக்கிறது.

பெரிய கண்ணாடி என்றால் அண்ணன் தம்பி இருவரும்தான் தூக்க வேண்டும். ஆளுக்கொரு முனை. ஒருவர் முன்னோக்கி நடப்பார், மற்றவர் அவருக்கு முகம் காட்டியபடி பின்னோக்கி நடப்பார். முன்னோக்கி நடப்பவர்தான் கண். "படி... இன்னொரு படி... இடது ஒதுங்கு... நில்லு" என்று அவர் சொல்லிக்கொண்டே வர, முதுகில் கண் இல்லாதவர் அந்தச் சொல்லை நம்பிக் காலை வைப்பார். தொழில் கற்ற நாளிலிருந்து பெரியவர்தான் முன்னோக்கி. சின்னவர்தான் பின்னோக்கி.

அன்றைக்கு ஓர் அலுவலக வாசலில் சின்னவரின் குதிகால் நிலைப்படியில் சிக்கியது. கத்தினார். பெரியவர் நிற்கவில்லை. கண்ணாடி தம்பியை நிலைச்சட்டத்தோடு வைத்து அழுத்தி விரிசல் விட்டது. தோளில் தையல் போட வேண்டியதாயிற்று. கண்ணாடி போனதைப் பற்றி யாரும் பேசவில்லை. கத்தினானா இல்லையா என்பதில்தான் எல்லாம் நின்றது. கத்தியும் நிற்காத அண்ணனோடு எப்படி வேலை செய்வது என்கிறார் தம்பி. கத்தாமலே கத்தினேன் என்கிற தம்பியோடு எப்படிச் செய்வது என்கிறார் அண்ணன். தம்பி போய்விட்டால் பெரிய கண்ணாடி வேலை போகும். மிஞ்சுவது முகம் பார்க்கிற கண்ணாடியும் படச்சட்டமும்தான். அதற்குப் பட்டறையும் வேண்டாம், வண்டியும் வேண்டாம், வண்டிக்கு ஒரு மாப்பிள்ளையும் வேண்டாம்.

அதனால்தான் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் வண்டிச் சாவியை விரலில் சுற்றினார், அது பறந்து போய் எதிலாவது பட்டது. வழியில் சின்னவரைப் பார்க்கும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி, "போறீங்களா, இருக்கீங்களா?" என்று கேட்டார். சின்னவர், "பாக்கலாம்" என்றார். மறுபடி கேட்டால், "பாப்போம்" என்றார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று மாப்பிள்ளை ஒரு சிக்னல் முழுக்க யோசித்து, பின்னால் இருந்தவர்களிடம் திட்டு வாங்கினார்.

வீட்டிலும் தப்பவில்லை. மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"ரெண்டு பூனைக்கு அப்பம் பங்கு வெச்ச குரங்காவது அப்பத்தைத் தின்னுச்சு. உங்களுக்கு அதுவும் இல்ல."

"நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"எந்த நல்லதையும் இனிமே எங்க அண்ணனுங்ககிட்ட சொல்லாதீங்க. உங்க சமாதானப் பேச்சுக்கு முன்னாடி அவங்க பேசாமத்தான் இருந்தாங்க. இப்பப் பேசிட்டாங்க, பாருங்க."

சமாதானப் பேச்சு என்று அவள் குத்திக் காட்டியதற்குக் காரணம் உண்டு. வியாபாரிகள் சங்கத்தில் ஒரு மதியம், தகராறுகளைத் தீர்ப்பது எப்படி என்று ஒருவர் திரை கட்டி, அம்புக்குறி போட்டுப் பேசினார். முன்வரிசையில் மின்விசிறிக்கு நேரே இடம் கிடைத்ததால் மாப்பிள்ளை போய் உட்கார்ந்தார். எழுந்தபோது சமாதானத் தூதராகிவிட்டிருந்தார். 'என்ன வேண்டும் என்று கேட்காதே, ஏன் வேண்டும் என்று கேள்' என்றார் அந்தப் பேச்சாளர். இது மட்டும் மாப்பிள்ளைக்கு நன்றாகப் பதிந்தது. மற்றதெல்லாம் டீ வந்தபோது கலைந்துபோனது.

*

அந்த நேரம் பார்த்து டான்ஸ் டீச்சர் வந்து நின்றார். ஆடும் கூடத்துக்கு அவர் சொல்லியிருந்த கண்ணாடியைக் கேட்டார். சுவர் அகலத்துக்கு ஒரே கண்ணாடி. ஒட்டு வைத்தால் ஒட்டுக்கு நேரே நிற்கிற பிள்ளையின் முழங்கால் இரண்டாகத் தெரியும், ஆகவே கூடாது. கூடம் இருப்பது மாடியில். படிக்கட்டு நடுவில் திரும்புகிறது. வகுப்புத் தொடங்கப் போகிறது.

"வேற ஆள் வெச்சுத் தூக்கலாமா மச்சான்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"வெளியாளுங்க அந்தத் திருப்பத்துல சொருகிட்டு நிப்பானுங்க" என்றார் பெரியவர். "அவன் வரட்டும். வேலை வேற, கோவம் வேற. எப்பவும் போல அவன் பின்னாடி நடக்கட்டும்."

மாப்பிள்ளை சின்னவரிடம் ஓடினார். "கடைசி வேலையா வர்றேன்" என்றார் அவர். "ஆனா பின்னாடி நடக்க மாட்டேன். தோளைப் பாத்தீங்கல்ல? இந்தத் தடவை அவரு பின்னாடி நடக்கட்டும். தோள் வலிச்சாலும் எனக்குத்தான் தெம்பு இருக்கு, படியில கீழ நின்னு எடையைத் தாங்குறேன். நியாயந்தான?"

நியாயம்தான். மாப்பிள்ளை திரும்பி ஓடினார்.

"நான் பின்னாடி நடக்க மாட்டேன்" என்றார் பெரியவர்.

இதுதான் சமயம் என்று மாப்பிள்ளை கற்ற வித்தையை எடுத்தார். "ஏன் மச்சான்?"

"முட்டி வலிக்குது."

"முன்னாடி நடந்தா வலிக்காதா?"

"பழக்கம் இல்ல."

"அதான் ஏன்னு..."

"வண்டிக்கு டீசல் போட்டாச்சா மாப்பிள்ளை?"

வித்தை அங்கேயே படுத்துக்கொண்டது. ஏன் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்பதுதான் அம்புக்குறிக்காரரின் நம்பிக்கை. அவருக்கு மச்சான்கள் இல்லை போலிருக்கிறது. இருவருமே முன்னோக்கித்தான் நடப்பார்கள் என்றால் நடுவில் கண்ணாடி எந்தப் பக்கம் நடக்கும்? மாப்பிள்ளைக்கு அன்று முழுக்கக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வாரம் வேறு முடிந்துகொண்டிருந்தது.

*

மறுநாள் காலை, பெரிய மச்சானிடமாவது உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு பட்டறைக்குப் போனார். பெரியவர் வெட்டு மேசையில் குனிந்து, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். அமைதியாக இருந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் சொல்லிவிட்டால் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

"மச்சான், நான் சொன்னது பொய். தம்பி மன்னிப்புக் கேக்குறேன்னு சொல்லவே இல்ல. நானாத்தான் கட்டிவிட்டேன். உங்க ரெண்டு பேரையும் ஒரே இடத்துல பாக்கணும்னு ஒரு ஆசை. பட்டறை ரெண்டாப் போச்சுன்னா நான் எங்க போவேன் மச்சான்? எனக்கு வேற எந்த வேலையும் உருப்படியா வராதுன்னு உங்களுக்கே தெரியும்..." மூக்கை உறிஞ்சிக்கொண்டு இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னார். கல்யாணத்தன்று மச்சான்கள் இருவரும் தம்மை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பது வரை போய்விட்டார்.

பெரியவர் அசையவில்லை. சக்கரக் கத்தியால் கோடு இழுத்து முடித்தார். நிமிர்ந்து திரும்பினார். திடுக்கிட்டார்.

"அட! எப்ப வந்தீங்க மாப்பிள்ளை?"

முகத்தில் கோபம் இல்லை, நடிப்பும் இல்லை. அப்போதுதான் பார்த்த முகம்.

"இ... இப்பத்தான்."

"டீ சொல்லிட்டு வாங்களேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கோட்டுக்குக் குனிந்தார்.

மாப்பிள்ளை நகரவில்லை. கையைப் பார்த்தார். பெரியவரின் இடது உள்ளங்கை, கோடு ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடியின் மேல் படிந்து கிடந்தது. முன்பெல்லாம் அப்படி வைக்க மாட்டார். "கண்ணாடி பேசும் மாப்பிள்ளை. சத்தம் ஒரே சீரா வந்தா கோடு விழுந்துடுச்சுன்னு அர்த்தம். கேட்டு வெட்டணும்" என்று தலையைச் சாய்த்துக்கொண்டு வெட்டுவார். இப்போது தலை சாயவில்லை. கை கேட்டுக்கொண்டிருந்தது.

"மச்சான்" என்று பின்னாலிருந்து சாதாரணமாகக் கூப்பிட்டார். திரும்புவாரா? இல்லை.

"மச்சான், பட்டறை தீப்பிடிச்சு எரியுது."

இல்லை.

"மச்சான், உங்க மீசை உங்களுக்குக் கொஞ்சங்கூட நல்லா இல்ல."

சிரிப்பு வந்தது. பாதியில் அது எங்கோ போய் அடைத்துக்கொண்டது. ஒரு பழமொழி, சங்கும் ஊதலும் சேர்ந்தது, நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மாப்பிள்ளை அதை விழுங்கினார். வாழ்க்கையில் அவர் விழுங்கிய முதல் பழமொழி.

கையை நீட்டி, மேசை விளிம்பில் நகத்தால் இருமுறை தட்டினார். மெதுவாகத்தான்.

பெரியவரின் கத்தி உடனே நின்றது. "யாரு தட்டுறது?" என்று திரும்பினார்.

"நான்தான் மச்சான்." எதிரே வந்து, முகத்துக்கு நேரே நின்றுகொண்டார். "மச்சான்... காது..."

"காதுக்கு என்ன? பக்கத்துல மெஷின் ஓடுதுல்ல?"

தேய்க்கும் மெஷின் ஓடவில்லை. அதன் பிளக் சுவரிலிருந்து கழற்றித் தொங்கிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். பெரியவர் முதலில் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

வெளியே வந்து மாப்பிள்ளை வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். எல்லாம் இப்போது விளங்கியது. தம்பி கத்தினார், அண்ணனுக்குக் கேட்கவில்லை. இரண்டு பேருமே உண்மை. 'ரெண்டு பேர் சொல்றதுலயும் ஒரு நியாயம்' என்று அன்று உளறியது தவறிப்போய்ச் சரியாக இருந்திருக்கிறது. பின்னோக்கி நடப்பவனுக்குக் காதுதான் கண். அது இல்லாதவர் எப்படிப் பின்னோக்கி நடக்க ஒத்துக்கொள்வார்?

இப்போதே ஓடிப்போய்ச் சின்னவரிடம் சொன்னால் சண்டை முடிந்தது. கால் இரண்டு எட்டு எடுத்தும் வைத்துவிட்டது. அப்புறம் நின்றார். அந்த உண்மை மச்சானுடையது. அவராக எடுத்துக் கொடுத்தால் தவிர, இன்னொருவர் கையால் போய்ச் சேரக் கூடாத சரக்கு. வாயில் எதுவும் தங்காத மனுஷருக்கு அதை வைத்துக்கொண்டு நடப்பது, செருப்புக்குள் கல்லோடு நடப்பது மாதிரி இருந்தது. நடந்தார். நாலாவது சுற்றிலோ ஐந்தாவது சுற்றிலோ, மேசை விளிம்பில் தட்டிய அந்த விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

*

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல. நல்லது. பேச வேண்டாம்" என்று பெரியவரின் முகத்துக்கு நேரே நின்று சொன்னார். "கண்ணாடியில தட்டுங்க. ஒரு தட்டு, நட. ரெண்டு தட்டு, நில்லு. நகத்தால கீறினா, படி. முன்னாடி நடக்குறவரு தட்டினா பின்னாடி நடக்குறவருக்குக் கையில தெரியும்."

'கையில' என்ற சொல்லில் பெரியவரின் கண் வந்து அவர் மேல் நின்றது.

"அவன் ஒத்துக்கிட்டானா?"

'ஆகா, சந்தோஷமா ஒத்துக்கிட்டாரு' என்று பழக்க தோஷத்தில் தொண்டை வரைக்கும் வந்தது. மாப்பிள்ளை இருமினார். "இன்னும் கேக்கல மச்சான். கேட்டா என்ன சொல்வாருன்னும் தெரியாது."

"யாரு யோசனை இது?"

"என்னுது."

"அப்ப உடையும்" என்றார் பெரியவர். விளிம்பில் ஒட்டியிருந்த தூளைக் கையால் ஒதுக்கினார். ஒதுக்கின இடத்தையே மறுபடி ஒதுக்கினார். "தட்டுறதா இருந்தா... நான் பின்னாடி நடக்குறேன்னு சொல்லுங்க."

சின்னவர் நம்பவில்லை. "நெசமா?"

"நெசமா."

"உங்க நெசமா, ஊரு நெசமா?"

"ஊரு நெசம். வேணும்னா நீங்களே போய்க் கேளுங்க."

"நான் எதுக்குக் கேக்கணும்?" சின்னவர் தோளை நீவிக்கொண்டார். ஆனால் தொழில்காரன் புத்தி சும்மா இருக்குமா? "ரசக்கண்ணாடியில எவனாவது நகத்தால கீறுவானா? மூணு தட்டு தட்டினா படின்னு வெச்சுக்கச் சொல்லுங்க."

மாப்பிள்ளை ஓடினார். பெரியவர் கேட்டுவிட்டு, "விரல் நுனியால தட்டினா, கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கிற ரப்பர் கப்பு வழுக்கும். கப்பை விடாம சுண்டு விரலால தட்டச் சொல்லுங்க. மோதிரத்தைக் கழட்டச் சொல்லுங்க" என்றார். திரும்பி ஓடினார். "திருப்பத்துக்கு என்ன? வலதா இடதா எப்படித் தெரியும்?" என்றார் சின்னவர். ஓடினார். "திரும்புற பக்கத்து முனையை லேசா இழுக்கட்டும், புரியும்" என்றார் பெரியவர். இப்படியே அந்த நாள் போயிற்று. வாரக்கணக்கில் பேசாத அண்ணனும் தம்பியும் மாப்பிள்ளையின் செருப்புத் தேய்மானத்தில் பேசிக்கொண்டார்கள். கடைசியில் தங்கை ஒரு விதி சேர்த்தாள்: கண்ணாடி சுவரில் ஏறும் வரை மாப்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. இரு தரப்பும் திருத்தமே சொல்லாமல் ஒத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

*

ரசக்கண்ணாடியை வண்டியிலிருந்து இறக்கியபோது தெரு அதற்குள் ஏறிக்கொண்டது. எதிர்வீட்டு மாடி, மின்கம்பி, ஒரு சைக்கிள், எல்லாம் அண்ணன் தம்பி கையில் தொங்கிக்கொண்டு போயின. ஆளுக்கொரு முனை. பெரியவர் படிக்கட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார். சின்னவர் கீழே. முகத்தோடு முகம், ஆனால் பார்வை மட்டும் ஒருவர் காதோரம், ஒருவர் தோளோரம்.

ஒரு தட்டு. பெரியவர் பின்னால் காலை வைத்தார். மூன்று தட்டு. குதிகால் படியைத் தேடிக் கண்டுபிடித்து ஏறியது. மூன்று தட்டு. இன்னொரு படி. மேலே டான்ஸ் டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை திருப்பத்தின் மூலையில் சுவரோடு ஒட்டி, உதட்டைப் பல்லால் பூட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் வேர்த்தது. பேசாமல் இருப்பது இத்தனை உடல் உழைப்பு என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

திருப்பத்துக்கு வந்தார்கள். கண்ணாடி சாய்ந்தது. அதன் மேல் முனை கூரையிலிருந்து தொங்கிய விளக்கை நோக்கிப் போனது. மாப்பிள்ளை பார்த்தார். டீச்சர் பார்த்தார். சின்னவரும் பார்த்தார். பார்த்த வேகத்தில் விதியெல்லாம் பறந்துபோய், பழைய வாய் முந்திக்கொண்டது.

"நில்லுண்ணே!"

படிக்கட்டு முழுக்க அதிர்ந்தது. கீழே தெருவில் யாரோ நின்று எட்டிப் பார்த்தார்கள். பெரியவர் இன்னொரு படி ஏறினார்.

முறைப்பாக ஏறவில்லை. சின்னவர் அண்ணன் முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தார். அதில் பிடிவாதம் இல்லை, பகை இல்லை. கவனம்தான் இருந்தது. கவனம் முழுக்க விரல்களில், அடுத்த தட்டுக்காகக் காத்துக்கொண்டு. குரல் வந்ததே தெரியாத முகம்.

சின்னவரின் சுண்டு விரல் இருமுறை தட்டியது.

பெரியவர் ஆணி அடித்தாற்போல் நின்றார். விளக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு விரல் இடம்.

எடை முழுக்கச் சின்னவர் கையில் இறங்கியிருந்தது. தோள் எரிந்திருக்கும். ஆனாலும் அவர் உடனே தட்டவில்லை. "அண்ணே" என்றார், சாதாரணமாக, பக்கத்தில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற அளவில். பெரியவர் அவர் தோளோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே?" இல்லை. மாப்பிள்ளை தம்மையறியாமல் தலையைக் குனிந்துகொண்டார். சின்னவர் அதைக் கவனித்தார். அப்புறம் முனையை லேசாக இழுத்தார். ஒரு தட்டுத் தட்டினார். நடந்தார்கள்.

*

கண்ணாடி சுவரில் ஏறி அமர்ந்தது. டீச்சர் ஒருமுறை நடந்து பார்த்து, இருமுறை சுழன்று பார்த்து, டீ வாங்கி வர ஆள் தேடிக்கொண்டு கீழே போனார். மூவரும் வெறும் தரையில் கண்ணாடிக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் எதிரும் புதிருமாகத் தெரிந்தார்கள். யார் வாய் அசைந்தாலும் எல்லோருக்கும் தெரிந்தது.

"எத்தனை நாளா?" என்றார் சின்னவர், கண்ணாடியைப் பார்த்து.

"என்ன எத்தனை நாளா?" என்றார் பெரியவர், கண்ணாடியிலிருந்தே.

"அண்ணே."

பெரியவர் கையுறையைக் கழற்றினார். மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார். "வலது சுத்தமா போச்சு. இடது பாதி. மெஷின் ஓடினா அந்தப் பாதியும் இல்ல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்னைக் கண்ணாடி தூக்க விடுவியா?"

"விட மாட்டேன்."

"அப்புறம் என்ன கேள்வி?"

"என் தோளைக் கிழிச்சதுமில்லாம என்னையே பொய்யன்னு சொன்னியே!"

"நீ கத்தலைன்னுதான் நெனச்சேன். சத்தியமா. பட்டறையில நீ கதவை அடிச்சுட்டுப் போனப்புறம் யோசிச்சப்பத்தான், கத்தியிருப்பானோன்னு உறுத்துச்சு. வந்து சொல்லலாம்னா, அதுக்குள்ள நீ மறுபடி பேச்சை நிறுத்திட்டே."

"நான் பேச்சை நிறுத்தினா உனக்கென்ன? கேக்கவா போவுது?"

முடிந்தது, இனி இவர்கள் ஜென்மத்துக்கும் சேர மாட்டார்கள் என்று மாப்பிள்ளை நினைத்தார். பெரியவர் கண்ணாடியில் தம்பியை வெறித்தார். மீசை முதலில் துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்பது புரிய மாப்பிள்ளைக்குச் சற்று நேரம் பிடித்தது. சின்னவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, சிரித்ததற்காக முகத்தை மறுபடி கடுப்பாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். சரியாக வரவில்லை.

"இன்னும் வலிக்குதா?" பெரியவர் கையைத் தம்பியின் தோள்வரை கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார்.

"தூக்கும்போது வலிக்கும்."

"நான் முதல்ல நம்பியிருக்கணும்."

"நம்பியிருக்கணும்" என்றார் சின்னவர். கீழே தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. இருவர் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவர் பார்க்கவில்லை.

மாப்பிள்ளையால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கண்ணாடி சுவரில் ஏறிவிட்டது, விதிப்படி வாயைத் திறக்கலாம். "சின்ன மச்சான், கம்பெனிக்காரங்களுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?"

"டீ வரட்டும்."

"டீ வரும். பதில்?"

"பாக்கலாம் மாப்பிள்ளை."

"பாக்கலாம்ங்கிறது ஒரு பதிலா? இந்த வாரம் பூரா ஓடி ஓடி எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வளைக்காம நெளிக்காம சொல்லுங்க. போறீங்களா, இருக்கீங்களா?"

சின்னவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தார். திரும்பி, மாப்பிள்ளையின் முகத்தையே நேராகப் பார்த்தார்.

"கோவம் இன்னும் போகல மாப்பிள்ளை" என்றார். "நானும் போகல."